வெயிலில் தெரிந்த கோட்டை

எங்கள் சாமியறை அலுமாரிக்கு மேல் ஒரு மலிபன் பிஸ்கட் தகரம் பதினான்கு வருடமாக இருந்திருக்கிறது. 2024இல் அம்மம்மாவின் ஆட்டைத் திவசத்துக்குக் கரவெட்டிக்குப் போயிருந்தேன். வெள்ளையடிப்பதற்காக அலுமாரியை இழுத்தபோது தகரம் சறுக்கி என் தோளில் விழுந்தது. நூல்கண்டும் ஊசியும் இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். ஒரு சி.ஆர். கொப்பி, பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கேம்போய் அட்வான்ஸ் விளையாட்டுக் கருவி, அதன் உச்சியில் செருகியபடியே ஒரு கசெற்.

"உதை நான் எறியேல்லை. மாமா ஆக்கள் தந்த சாமானெல்லோ," என்றார் அம்மா.

எறியவில்லை, ஆனால் பற்றரியைக் கழற்றவும் இல்லை. பின்மூடியைத் திறந்ததும் இரண்டு பென்ரோச் பற்றரிகளும் பொருமி, வாயில் நுரை காய்ந்ததுபோல வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தன. அவை படுத்திருந்த பள்ளத்தில் கம்பிச் சுருள் ஒன்று பாதி அரித்துப்போயிருந்தது. அம்மா பாதித் தேசிக்காயும் பழைய பல்பிரஷும் கொண்டுவந்து தந்தார். படியில் இருந்து அரைமணி நேரம் தேய்த்தேன். புதுப் பற்றரி போட்டதும் பச்சை லைற் எரிந்தது. அந்த 'டிங்' சத்தம் வந்தது. கொனாமி என்ற பெயர் வந்தது. காசில்வேனியா என்ற எழுத்து வந்தது. சேமித்த ஆட்டங்களின் பட்டியலில் மட்டும் ஒன்றுமில்லை. என் பெயர் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

இந்தக் கசெற் எங்கிருந்து புறப்பட்டது என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்லிவிட வேண்டும். பிராம் ஸ்ரோக்கர் என்ற ஐரிஷ்காரர் 1897இல் எழுதிய டிராகுலா நாவலை, படமும் நாடகமும் பார்த்துப் பழகிய யப்பானியர்கள் 1986இல் விளையாட்டாக்கினார்கள். கொனாமி நிறுவனம் அதற்கு இட்ட யப்பானியப் பெயர் 'அக்குமஜோ டிராகுலா'. அசுரக் கோட்டை டிராகுலா என்று நாங்கள் சொல்லலாம். வெளிநாட்டுக்குப் போகும்போது அதுவே காசில்வேனியா ஆனது. பெல்மொன்ற் என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சவுக்கோடு கோட்டைக்குள் புகுந்து, செத்தும் சாகாத அந்தப் பிரபுவைத் திரும்பவும் சாகடிக்கும். 1989இலேயே நின்டெண்டோவின் கையடக்கக் கருவிக்கு ஒன்று வந்துவிட்டது. ஆனால் கையடக்க வரிசை என்று ரசிகர்கள் இன்று கொண்டாடுவது 2001க்கும் 2008க்கும் இடையில் வந்த ஆறு ஆட்டங்களைத்தான். முதல் மூன்றும் கேம்போய் அட்வான்ஸுக்கு, அடுத்த மூன்றும் நின்டெண்டோ டீஎஸ்ஸுக்கு.

என் கையில் இருப்பது அந்த ஆறில் மூத்தது: 'சேர்க்கிள் ஒஃப் த மூன்'. 2001 மார்ச் 21இல் கேம்போய் அட்வான்ஸ் யப்பானில் கடைக்கு வந்த அன்றே கூடவே வந்தது. செய்தவர்கள் கோபே நகரில் இருந்த கொனாமியின் கிளையினர். இந்த வரிசையின் முகமாக உலகம் அறிந்த இகராஷி கோஜிக்கு இதில் பங்கில்லை. பின்னாளில் அவர் குடும்பக் காலவரிசையை ஒழுங்குபடுத்தியபோது இதை வெளியே வைத்துவிட்டார். மூத்தபிள்ளைக்கு முதுசத்தில் பங்கில்லாமல் போனதுபோல எனக்கு அது இன்றும் வருத்தம்.

அதன்மேல் எல்லோரும் சொன்ன குறை ஒன்று இருந்தது, அது உண்மையான குறைதான். படம் தெரியாது. கேம்போய் அட்வான்ஸின் திரைக்குத் தன் வெளிச்சம் கிடையாது. வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பித் தர மட்டுமே அதனால் முடியும். 240க்கு 160 புள்ளிகள் கொண்ட அந்தச் சின்னக் கண்ணாடியில் கோபே ஆட்கள் நிலவறையையும் கல்லறையையும் கறுப்பிலும் மண்ணிறத்திலும் வரைந்துவிட்டார்கள். அடுத்த வருடம் வந்த 'ஹார்மனி ஒஃப் டிஸ்ஸனன்ஸ்' ஆட்டத்தில் இகராஷி இதற்குப் பரிகாரம் தேடினார். நிறங்களைத் தூக்கினார், கதாநாயகனைச் சுற்றி ஒரு நீலக் கோடே போட்டுவிட்டார், இருட்டில் அவன் தொலைந்துபோகாமல் இருக்க. நின்டெண்டோவும் 2003இல் மடிக்கிற கருவி ஒன்றைக் கொண்டுவந்தது, எஸ்பி என்று. அதற்கு உள்லைற் இருந்தது, பற்றரியும் சார்ஜ் ஏற்றக்கூடியது.

ரொறன்ரோவில் என் மச்சானுக்கு அந்த எஸ்பி கிடைத்தது. அதனால்தான் பழையது கரவெட்டிக்கு வந்தது. வெளிநாட்டுச் சாமான் எங்கள் ஊருக்கு வருகிற வழி பெரும்பாலும் இதுதான். அங்கே ஒன்று புதிதாக வரும்போது இங்கே ஒன்று வந்து சேரும்.

மாமா 1987 மே 26இல் இராணுவம் தொடங்கிய வடமராட்சி ஒப்பரேசனுக்குப் பிறகு ஊரை விட்டவர். பதினாறு வருடம் திரும்பி வரவில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபிறகு, அடுத்த வருட நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்தார். கட்டுநாயக்காவில் இறங்கி, வான் பிடித்து, ஓமந்தையில் ஒரு சோதனை, வன்னிக்குள்ளே புலிகளின் சோதனை, முகமாலையில் இன்னொரு சோதனை. ஒவ்வொரு இடத்திலும் பெட்டி திறக்கப்பட்டது. சொக்லேற், சவர்க்காரம், சென்ற் போத்தல், அம்மம்மாவுக்குக் கம்பளிச் சட்டை, அவற்றுக்கிடையில் ஊதா நிறத்தில் இந்தக் கருவி.

முகமாலையில் நடந்ததை மச்சான் பலமுறை சொல்லியிருக்கிறான். சிப்பாய் ஒருவன் கருவியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போட்டுக் காட்டு என்று கையால் காட்டினானாம். மச்சான் போட்டான். பாட்டுக் கேட்டது. கொட்டகை நிழலில் படம் தெரியவில்லை. சிப்பாய் கருவியை வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போய், வெயிலில் சரித்துப் பிடித்துப் பார்த்தானாம். கொஞ்ச நேரம் பார்த்தானாம். வரிசையில் நின்ற சனம் காத்துக்கொண்டு நின்றது. பிறகு கொண்டுவந்து கொடுத்துவிட்டான். கொடிகாமம், வரணி தாண்டி நெல்லியடிக்கு அவர்கள் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

மூன்று கிழமை நின்றார்கள். போகிற அன்று காலை மச்சான் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "மச்சான், நீ வச்சிரு. எனக்கு அங்க லைற் இருக்கிறது இருக்கு," என்றான். அவன் தமிழ் அப்படித்தான். எனக்குப் பன்னிரண்டு வயது.

கருவி என்னுடையதாகிவிட்டது. அது கேட்ட சாப்பாடு பற்றரி. இரண்டு பென்ரோச் பற்றரிக்குப் பதினைந்து மணித்தியாலம் ஓடும் என்பது நின்டெண்டோவின் கணக்கு. நெல்லியடிக் கடைகளில் எங்களுக்குக் கட்டுபடியான பற்றரிக்கு அது பொருந்தவில்லை. நாலைந்து மணித்தியாலத்தில் பச்சை லைற் சிவப்பாகிவிடும். அப்போது இரண்டையும் கழற்றிக் கிணற்றுக்கட்டில் வெயிலில் வைப்பேன். காய்ந்த பற்றரி இன்னும் இருபது நிமிடம் தரும்.

அதை எனக்குச் சொல்லித் தந்தவர் அம்மா. பற்றரியை வெயிலில் காயவைத்த தலைமுறை அவருடையது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் கொண்டுவரக்கூடாத பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சவர்க்காரம், மெழுகுதிரி, மண்ணெண்ணெய், சீமெந்து என்று நீண்ட அந்தப் பட்டியலில் எங்கள் வீட்டுக்கு மிகவும் வலித்தது பற்றரிதான், ஏனென்றால் பற்றரி இல்லையென்றால் செய்தி இல்லை. அப்பா சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் இழுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் சுற்றிவர இருந்து பீபீசி தமிழோசை கேட்பார்களாம். இரவில் ஜாம்போத்தலுக்குள் பஞ்சைத் திணித்து, ஒரு மூடி மண்ணெண்ணெய் விட்டு, அந்தத் துளிச் சுடரில் படித்திருக்கிறார்கள். அம்மா அப்படிப் படித்துத்தான் ஆசிரியையானவர். செத்த பற்றரியைக்கூட அவரால் எறிய முடியாது. விளையாட்டுக்குப் பற்றரி என்று நான் கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு கணம் வந்துபோவது கோபம் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் மாதம் நான்கு பற்றரி வாங்கித் தந்தார்.

வெளிச்சத்துக்கு என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஹோலில் ரியூப் லைற்றின் கீழ் பிடித்தால் திரையில் தெரிவது ரியூப் லைற்தான். யன்னலோரம் ஓரளவு தெரியும். முழுதாகத் தெரிந்தது முற்றத்தில், பின்னேரம் மூன்றரைக்கும் ஐந்துக்கும் இடையில், மேற்கே பார்த்து இருந்து, கருவியை நெஞ்சுக்குக் கிட்டப் பிடித்துக் கொஞ்சம் இடப்பக்கம் சரித்தால். அந்தச் சரிவு எனக்கு இன்றும் மணிக்கட்டில் இருக்கிறது. மாமரத்து இலையின் நிழல் திரையில் விழுந்தால் கோட்டைக்குள் ஒரு மூலை இருண்டுபோகும். காற்று அடித்தால் திரும்பத் தெரியும். நடுப்பகல் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும், கை பொசுங்கும். வெயில் பட்டால் சாம்பலாகிவிடும் பேய்களை, ஐப்பசி வரைக்கும் மழை வராத எங்கள் முற்றத்து வெயிலில் மட்டுமே என்னால் பார்க்க முடிந்தது.

இதையே ஒரு விளையாட்டாக வேறொருவர் செய்தும்விட்டார் என்று பல வருடம் கழித்து அறிந்தேன். அதே கொனாமி, அதே 2003இல், கொஜிமா ஹிடியோவின் 'பொக்தாய்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. கசெற்றிலேயே வெயிலை அளக்கும் உணரி பொருத்தியிருந்தார்கள். வெளியே போய் வெயிலில் நின்றால்தான் இரத்தக்காட்டேரியைச் சுடுகிற துப்பாக்கிக்குச் சக்தி ஏறும். உணரி இல்லாமலே நாங்கள் அப்படி விளையாடிக்கொண்டிருந்தோம்.

ஐந்து மணிக்குப் பிறகு வெளிச்சம் வழுக்கும். படியில் ஏறி, விறாந்தையின் மேற்கு ஓரத்துக்குப் போய், கடைசி வெளிச்சத்தைப் பிடிப்பேன். அந்த நேரத்தில்தான் அம்மம்மா விளக்கு வைக்க வருவார். ஒருநாள் என் தோளுக்கு மேலால் பார்த்தார்.

"உதென்ன எரியுது?"

"மெழுகுதிரி, அம்மம்மா. அடிச்சால் உள்ளுக்கிருந்து சாமான் விழும்."

காசில்வேனியாவை அறிந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். கோட்டை முழுதும் விளக்கு எரியும். சவுக்கால் அடித்து உடைத்தால் இதயமோ காசோ விழும். 1986இலிருந்து பெரும்பாலான ஆட்டங்களில் அதுதான் முதல் பழக்கம். எதிரி வருமுன்னமே விளக்கு உடையும்.

"விளக்கு வைக்கிற நேரத்தில விளக்கை அணைக்கிறியோ? வை அதை அங்கால."

பேயைக் கொல்வதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. முனியும் கொள்ளிவாய்ப் பேயும் பனங்கூடலில் நின்றதை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். விளக்கை உடைப்பதுதான் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து சாமியறையில் திரி ஏற்றி, அத்துளு அம்மன் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டு, அவர் திரும்பி வரும்வரை கருவியை நிறுத்தி வைத்திருப்பது வழக்கமானது.

இன்னொன்றும் அந்த விளக்குகளைப் பற்றி எனக்குள் இருந்தது. ஆளில்லாத கோட்டையில் அவற்றை ஏற்றியது யார்? நூறு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டில் எல்லா அறையிலும் திரி எரிகிறதே? மச்சானிடம் கேட்டேன், அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்றான். எனக்கு விடை எங்கள் வீட்டு நிலைக்கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. இரண்டு வீட்டுத் திறப்புக்கோர்வைகள். ஒரு வீட்டார் கனடாவில், மற்றவர்கள் சுவிஸில். இரண்டு வீட்டையும் வெள்ளிக்கிழமைகளில் அம்மா போய்த் திறந்து, கூட்டி, சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்துவிட்டு வருவார். நானும் கூடப் போவேன். ஒரு வீட்டில் ஓர் அறை பூட்டியே இருக்கும். அதன் திறப்பு எங்களிடம் இல்லை. இடம்பெயர்ந்து ஓடியபோது எங்கேயோ விழுந்துவிட்டது என்றார்கள். கதவின் கீழ் இடுக்கால் பார்த்தால் கதிரைக் கால்கள் தெரியும். கூட்டிய வீட்டில் விளக்கின் மணம் மட்டும் இருக்கும், வேறு மனித மணம் இருக்காது. இரண்டு வீதி தள்ளியிருந்து ஒருவர் புதிதாக வந்து அந்த வீட்டுக்குள் நுழைந்திருந்தால், இந்த விளக்கை யார் வைத்தது என்று அவரும் கேட்டிருப்பார்.

இந்த வரிசையின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் டிராகுலாவைச் சொல்ல மாட்டேன். பூட்டிய கதவைச் சொல்வேன். 1997இல் வந்த 'சிம்பொனி ஒஃப் த நைற்' என்ற ஆட்டம்தான் அந்த வழியைத் திறந்தது. அதற்கு முன்னர் பெரும்பாலும் இடமிருந்து வலம் ஓடி முடிக்கும் ஆட்டமாக இருந்தது, ஒரே பெரிய வீடாக மாறியது. எட்டாத பரணைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். வேறெங்கோ இரட்டைத் தாவல் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு அந்தப் பரணுக்குத் திரும்பி வரவேண்டும். சேர்க்கிள் ஒஃப் த மூனில் இது மிகவும் கடுமையாக இருக்கும். கதை 1830இல் நடக்கிறது. நேதன் கிரேவ்ஸ் தாய் தகப்பனை இழந்த பொடியன். அவனும் வளர்த்த குருவும் குருவின் சொந்த மகனும் ஒன்றாகக் கோட்டைக்குள் போகிறார்கள். போன உடனேயே, டிராகுலாவை எழுப்பும் சடங்கறையில் நிலம் பிளந்து, குரு டிராகுலாவிடம் அகப்பட, பொடியன்கள் இருவரும் பாதாளத்தில் விழுகிறார்கள். கண்ணால் கண்ட அந்தச் சடங்கறைக்குத் திரும்ப ஏறிவருவதுதான் முழு ஆட்டமும். முதலில் அவனுக்கு ஓடவும் தெரியாது. நடை மட்டும்தான். ஓடும் சப்பாத்தைத் தேடி எடுக்கவேண்டும். முடிவில் கடைசித் திறப்பு கிடைக்கும். அது திறக்கிற கதவு, விழுந்த அதே இடத்துக்குப் போகும் கதவு.

அந்தச் சி.ஆர். கொப்பியில் நான் எழுதிவைத்தது திறக்காத கதவுகளின் கணக்கு. ஆட்டத்துக்குள்ளேயே வரைபடம் உண்டு, ஆனால் ஏன் போக முடியவில்லை என்று அது சொல்லாது. "கிணறுமாதிரி இடம், மேலே ஏற ஏலாது." "கல்லுத் தள்ள ஏலாது, பிறகு." "பச்சைப் பாம்பு அறை, வலப்பக்கம் பரண்." பக்கத்துக்குப் பக்கம் 'பிறகு' என்று எழுதியிருக்கிறேன். சிலதற்கு எதிரே சிவப்புப் பேனாவால் சரி போட்டிருக்கிறது.

கசெற் எங்கள் வீட்டிலேயே கிடக்கவில்லை. வகுப்பில் ஏழெட்டுப் பேர் முறை வைத்து விளையாடினோம். கொண்டுபோகிறவன் இரண்டு பற்றரியோடு திருப்பித் தரவேண்டும் என்பது சட்டம். மூன்று பேருடைய ஆட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருந்தன. ஒருவன் இருபது சீட்டில் பதினெட்டைச் சேர்த்துவிட்டான். அந்த ஆட்டத்தில் பத்துத் தெய்வச் சீட்டு, பத்து விலங்குச் சீட்டு. ஒன்றோடொன்று சோடி சேர்த்தால் நூறு மந்திரம். புதனும் தீப்பல்லியும் சேர்ந்தால் சவுக்கு தீப்பிடிக்கும். சீட்டு எந்தப் பேயைக் கொன்றால் விழும் என்பதை எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. ஒரே எலும்புக்கூட்டை இருநூறு முறை கொன்று பார்த்துத்தான் அறிந்தோம். பதினெட்டுச் சேர்த்தவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியும், நன்றாக இருக்கிறான். வேறிருவரைப் பற்றி இங்கே எழுதவில்லை.

2006 ஓகஸ்ற் 11இல் முகமாலையில் சண்டை மூண்டு ஏ9 மூடப்பட்டது. சாமான் கப்பலில் வந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. சீனிக்கும் மாவுக்கும் வரிசை. பின்னேரம் முற்றத்தில் நெடுநேரம் இருக்க அம்மா விடமாட்டார். பற்றரி விலை கேட்க எனக்கே மனம் வரவில்லை. கசெற் ஒன்றிரண்டு தரம் வெளியே வந்தது, பிறகு அலுமாரிக்குள் போனது. போர் முடிந்து, 2010இல் நான் கொழும்புக்குப் படிக்கப் புறப்பட்டபோது அம்மா அதைத் தகரத்தில் வைத்தார்.

வீதி மூடிக் கிடந்த அந்த மாதங்களில் வெளியுலகில் இந்த வரிசையின் ஐந்தாவது ஆட்டம் வந்தது. 'போர்ட்ரெய்ற் ஒஃப் ருயின்'. நான் அதை எட்டு வருடம் கழித்து, கொழும்பில் பழைய டீஎஸ் ஒன்று வாங்கி விளையாடினேன். காலம் 1944. இரண்டாம் உலகப்போரில் செத்தவர்களின் ஆவிகள் எண்ணுக்கணக்கில்லாமல் அலைவதால் டிராகுலாவின் கோட்டை தானாக எழும்பிவிடுகிறது. அதைப் பிடித்துவைத்திருப்பவன் டிராகுலா இல்லை. முதலாம் உலகப்போரில் மகள்மாரைப் பறிகொடுத்த ஓர் ஓவியன். யாரோ பெற்ற இரண்டு பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் என்று நம்பவைத்து வைத்திருக்கிறான்.  நான் முதல் காட்சியில் நிறுத்திவிட்டு அறைக்கு வெளியே போய் நின்றேன். போரில் செத்தவர்கள் அதிகமானால் பேய்க்கோட்டை எழும்பும் என்று யப்பானில் ஒருவர் எழுதியிருக்கிறார். என் அம்மம்மா கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

ஆறாவது, 2008 ஒக்ரோபரில் வந்த 'ஓர்டர் ஒஃப் எக்லீசியா', அதைவிடக் கனமானது. ஷனோவா என்ற பெண் தன் நினைவை இழந்தவள். அவள் வந்து சேரும் ஊரில் சனம் இல்லை, எல்லோரையும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். காட்டிலும் கடற்கரையிலும் மலையிலும் ஒவ்வொருவராகத் தேடிக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். எல்லோரையும் சேர்க்காமல் போனால் கதை அரைவழியில் பொய்யான முடிவோடு நின்றுவிடும். நான் அதை விளையாடியது 2017இல். அந்த பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பிள்ளைகளின் படத்தோடு வீதியோரம் இருந்துவிட்டார்கள். வடமராட்சி கிழக்கில் மருதங்கேணியிலும் இருந்தார்கள். ஆட்டத்தில் எல்லோரும் கிடைத்துவிடுகிறார்கள். கடைசி ஆளையும் கூட்டிவந்து வீட்டில் விட்டபிறகுதான் கருவியை மூடினேன், விடிந்துவிட்டிருந்தது.

2021 செப்ரெம்பரில் கொனாமி மூன்று அட்வான்ஸ் ஆட்டங்களையும் ஒன்றுசேர்த்துக் கணினிக்கும் புதிய கருவிகளுக்கும் வெளியிட்டது. 2024 ஓகஸ்ற்றில் டீஎஸ் ஆட்டங்கள் மூன்றும் அப்படி வந்தன. இகராஷி பத்து வருடம் முன்னமே கொனாமியை விட்டு விலகி, ரசிகர்களின் பணத்தில் தன் சொந்தக் கோட்டையைக் கட்டி முடித்திருந்தார். முதல் தொகுப்பை நான் விளையாடியது 2022 மார்ச்சில், நாடு முழுதும் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் போன நாட்களில். வெள்ளவத்தை அறையில் மடிக்கணினியின் பற்றரி எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. சுற்றிவர இருட்டு, திரையில் வெளிச்சம். முற்றத்தில் இருந்ததற்கு நேர்மாறு.

முதல்தடவை அந்தக் கோட்டையை அப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். கறுப்பு என்று நான் நினைத்திருந்த இடமெல்லாம் சுவர். கல்லுக்குக் கல் வரைந்திருந்தார்கள். வளைவுகள், தூண்கள், இடுக்கில் கிடந்த எலும்புகள். கோபேயில் யாரோ இரவிரவாக இருந்து வரைந்ததைத் திரை எங்களுக்குத் தராமல் வைத்திருந்திருக்கிறது. ஒரு புறம் சந்தோசமாக இருந்தது. இன்னொரு புறம், தவறினால் பின்னோக்கி ஓட்டிச் சரிசெய்யும் வசதி அதில் இருந்தது, எங்கே வேண்டுமானாலும் சேமிக்கலாம். நான் பின்னோக்கி ஓட்டினேன். பத்து நிமிடத்தில் வெறுத்துப்போய், அந்த வசதியைத் தொடாமல் முதலிலிருந்து தொடங்கினேன். அந்த ஆட்டத்தில் சேமிப்பறை தூரத்தில் இருப்பதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. உயிர் குறைந்து, மருந்து தீர்ந்து, அந்தக் கதவைக் காணும்போது வருகிற மூச்சை வேறெதுவும் தராது.

ஆகவே தகரத்துக்குள் கசெற் கிடைத்தபோது எனக்கு ஆட்டம் தேவைப்படவில்லை. ஆட்டம் மடிக்கணினியிலேயே இருக்கிறது. எங்கள் மூன்று பேரின் பெயர்தான் வேண்டியிருந்தது. அது இந்தக் கசெற்றுக்குள் ஒரு சின்ன நினைவுச் சில்லில் இருந்தது, அந்தச் சில்லை உயிரோடு வைத்திருந்தது ஒரு பொத்தான் பற்றரி. கருவியில் போடும் பற்றரி வேறு, இது வேறு. கசெற்றுக்குள் ஈயம் வைத்து ஒட்டப்பட்டது, பதினைந்து இருபது வருடம் தாங்கும். அது அலுமாரிக்கு மேலே, யாருக்கும் தெரியாத ஒரு நாளில் தீர்ந்துபோயிருக்கிறது.

திவசம் முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, நெல்லியடியில் றேடியோ திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அறுபது வயதிருக்கும். கசெற்றின் முதுகில் மூன்று இதழ் வெட்டுள்ள திருகாணி. அதற்குரிய திருப்பி அவரிடம் இல்லை. ஒரு சின்னத் திருப்பியை எடுத்து அரத்தால் மூன்று பக்கமும் ராவி, வைத்துப் பார்த்து, திரும்பவும் ராவினார். மூடி கழன்றது. பச்சைப் பலகையின் மூலையில் வெள்ளி நிறத்தில் பற்றரி, 1616 என்ற எண்ணோடு. மீற்றரை வைத்தார். அரை வோல்ற்றும் இல்லை.

"கார் றிமோட்டுக்குப் போடுறது. நிக்குது," என்று லாச்சியைத் திறந்தார். பழையதன் இரு காதுகளையும் கழற்றிப் புதியதில் வைத்து, சூட்டுக்கோலை ஒரு கணம் தொட்டு எடுத்தார். கூடச் சூடு பட்டால் பற்றரி வெடித்துவிடும் என்று சொல்லிக்கொண்டே தொட்டார். மீற்றர் மூன்றைக் காட்டியது.

"உதுக்குள்ள என்ன தம்பி இருந்தது?"

"நாங்கள் எவ்வளவு தூரம் போனனாங்கள் எண்டு இருந்தது, அண்ணை."

அவர் மூடியைக் கையில் எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் உட்புறத்தில் தேதியை எழுதினார். மணிக்கூடு திருத்துகிறவர்கள் பின்மூடிக்குள் எழுதுவார்களே, அப்படி. அடுத்ததாகத் திறக்கிறவனுக்குத் தெரியவேண்டும் என்றார். பிறகு திருகாணியைப் பூட்டினார்.

பின்னேரம் நாலரைக்கு முற்றத்தில் மேற்கே பார்த்து இருந்தேன். பெயர் கேட்டது, போட்டேன். நிலம் பிளந்தது, நேதன் விழுந்தான். பாதாளத்தில் நடந்தேன், ஓடும் சப்பாத்தை எடுத்தேன். முதல் சேமிப்பறை வரும்போது மாமரத்து நிழல் திரைக்கு ஏறிவிட்டது. அம்மா ஆணியிலிருந்து திறப்புக்கோர்வைகளை எடுத்துக்கொண்டு, கையில் எண்ணெய்ப் போத்தலோடு படலையடிக்குப் போனார். சேமித்துவிட்டுக் கருவியை நிறுத்தினேன். பற்றரியைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, நானும் கூடப் போனேன்.